சூதும் திறமையும்: ஸ்டூ அங்கர் என்ற போக்கர் ஆட்டக்காரரின் வரலாறு

சீட்டாட்டம் சூதாட்டமா, திறமை விளையாட்டா என்னும் கேள்வி இப்போது நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. கைப்பேசியில் ரம்மியும் போக்கரும் ஆடும் இளைஞனைக் கண்டித்தால், இது அதிர்ஷ்டத்தை நம்பி ஆடும் ஆட்டம் அன்று, கணக்கும் நினைவாற்றலும் வேண்டும், சதுரங்கம் போன்றது என்று பதில் வருகிறது. வெளிநாடுகளில் இதையே தொழிலாகக் கொண்டு இருபது வயதில் பெருஞ்செல்வம் ஈட்டியவர்களின் பெயர்களையும் அவன் சொல்கிறான். பெரியவர்கள் "ஹராம்" என்ற ஒரு சொல்லோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், கேட்டவனின் வாதம் அதனால் விடையின்றி நின்றுவிடுகிறது. விடையற்ற வாதம் உள்ளத்தில் தங்கிவிடும்.

அந்த வாதத்தை அவன் வானத்திலிருந்து பறித்துக்கொண்டு வரவில்லை. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, விழும் சீட்டுகளை நினைவில் வைத்துக் கையைக் கட்ட வேண்டியிருக்கிறது என்று 1968இலேயே நம் நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதும், ரம்மியையும் போக்கரையும் அத்தடைக்குள் கொண்டுவந்த பகுதியைத் திறமை என்ற காரணத்தினாலேயே நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம்தான், திறமையோ அதிர்ஷ்டமோ எதுவாயினும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் கூடாது என்றது. ஆக, இளைஞன் சொல்வது நீதிபதிகளும் சொன்ன வாதம்தான். அதை மதித்தே பேச வேண்டும்.

எனவே நாம் வேறொரு வழியில் செல்ல விரும்புகிறோம். சீட்டாட்டம் திறமையே என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். அப்படியானால், அத்திறமை யாரிடம் மிகுதியாக இருந்ததோ அந்த மனிதரின் வாழ்வைப் பார்ப்பதே நேர்மையான சோதனை. தோற்றவர்களின் கதையைச் சொன்னால், அவர்களுக்கு ஆடத் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். வென்றவரின் கதையில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. போக்கர் உலகத்தாரிடம், எக்காலத்திலும் இயற்கைத் திறமையில் மிஞ்சியவர் யார் என்று கேட்டால், பலரும் சொல்லும் பெயர் ஸ்டூ அங்கர் என்பதாகும்.

அங்கர் 1953 செப்டம்பர் 8 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். மன்ஹாட்டன் தீவின் கிழக்கு ஓரத்தில், உழைப்பாளிகளும் குடியேறியவர்களும் நெருங்கி வாழ்ந்த பகுதியில் வளர்ந்தார். அவருடைய தந்தை அங்கே ஒரு மதுக்கூடம் நடத்தினார். வெளியே மதுக்கூடம், உள்ளே சீட்டு மேசைகள். பந்தயம் பிடிப்பதும் கந்துவட்டிக்குக் கொடுப்பதும் தந்தையின் உண்மையான தொழில். பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள் வாய்ப்பாடு மனப்பாடம் செய்யும் வயதில், இச்சிறுவன் யார் எந்தக் குதிரையின்மீது எவ்வளவு கட்டினார் என்பதைக் கேட்டு வளர்ந்தான். பத்து வயதிலேயே ஜின் ரம்மிப் போட்டியொன்றில் பெரியவர்களை வென்றான்.

ஜின் ரம்மி நம் ஊரில் ஆடும் ரம்மிக்கு உறவான ஆட்டம். இருவர் ஆடுவது. ஆளுக்குப் பத்துச் சீட்டுகள். ஒன்றை எடுத்து ஒன்றைக் கழித்து வரிசைகளையும் தொகுப்புகளையும் சேர்க்க வேண்டும். எதிராளி எதை எடுக்கிறார், எதைக் கழிக்கிறார் என்பதை விடாமல் நினைவில் வைப்பவனுக்குச் சிறிது நேரத்தில் எதிராளியின் கை கண்ணாடிக்குள் இருப்பதுபோல் தெரிந்துவிடும். அங்கருக்கு இருந்தது புகைப்படம் போன்ற நினைவாற்றல். அதனோடு, எதிரே இருப்பவரின் தயக்கத்தையும் அவசரத்தையும் படிக்கும் கூர்மையும் இருந்தது.

1967இல் தந்தை மாரடைப்பால் இறந்தபோது மகனுக்குப் பதின்மூன்று வயது. தாயோ பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். சிறுவன் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தாயையும் தமக்கையையும் காப்பாற்றச் சீட்டாட்டத்தை முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டான். இதை நாம் இழிவாகப் பேச விரும்பவில்லை. குடும்பச் சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்ட பிள்ளை அவன். அவனிடம் இருந்த ஒரே முதல் அந்த மூளை. அது எங்கே விலைபோகும் என்று காட்டியவர்கள், அவனைச் சுற்றி இருந்த பெரியவர்கள். அவர்களில் ஒருவரான விக்டர் ரொமானோ நியூயார்க் குற்றக் கும்பல்களோடு தொடர்புடையவர். அவர் அச்சிறுவனைத் தம் பாதுகாப்பில் வைத்துக்கொண்டார். குட்டையான, மெலிந்த, வாய்த்துடுக்கு மிகுந்த ஒரு பையன், தோற்றவர்களிடமிருந்து அடிபடாமல் வீடு திரும்ப அந்தப் பாதுகாப்பு தேவைப்பட்டது. ஆட்டம் திறமை சார்ந்ததாக இருந்தாலும், அதைச் சூழ்ந்திருந்த உலகம் அப்படிப்பட்டது.

இனி வருவதுதான் இவ்வரலாற்றில் நாம் நின்று நோக்க வேண்டிய இடம்.

அங்கர் ஆடிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் தோற்றார்கள். அக்காலத்தின் தலைசிறந்த ஜின் ஆட்டக்காரர்களுள் ஒருவராகப் போற்றப்பட்ட ஹாரி ஸ்டைன் என்பவரை 86 ஆட்டங்களில் ஒன்றுகூட விடாமல் வென்றார் என்றும், அதன்பின் ஸ்டைன் அத்தொழிலிலிருந்தே விலகிவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. வேறு எந்தத் தொழிலிலும் இவ்வளவு மேன்மை வாழ்வைத் திறந்துவிடும். நல்ல தச்சரிடம் வேலை குவியும்; நல்ல மருத்துவரின் வாசலில் கூட்டம் நிற்கும். அங்கருக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறானது. அவரோடு ஆட எவரும் வரவில்லை. எதிராளிகளை இழுக்க அவர் சலுகை கொடுக்கத் தொடங்கினார். கட்டின் கடைசிச் சீட்டை நீங்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம் என்றார்; ஒவ்வோர் ஆட்டத்திலும் எனக்குச் சாதகமில்லாத இடத்தில் அமர்கிறேன் என்றார். அப்படியும் வென்றார். அப்படியும் ஆட்கள் நின்றுபோனார்கள். லாஸ் வேகாஸ் வந்த பிறகு, அவர் பெயர் கொடுத்தால் மற்றவர்கள் கட்டணம் கட்ட மறுக்கிறார்கள் என்று ஜின் போட்டிகளில் சேரவேண்டாமெனச் சூதாட்ட விடுதிகளே அவரைக் கேட்டுக்கொண்டன.

தச்சரின் திறமையால் வாங்குபவரும் பயன் பெறுகிறார். சீட்டு மேசையில் வாங்குபவர் இல்லை. இழப்பவர் மட்டுமே உண்டு. அந்த இழப்பவர், இன்று நான் வெல்லக்கூடும் என்று நம்பும்வரையில்தான் மேசையில் இருப்பார். ஆகவே எந்த ஆட்டக்காரரும் தனியே திறமையால் பிழைக்க முடியாது. எதிரே இருப்பவருக்கு அதிர்ஷ்டத்தின்மீது நம்பிக்கை இருக்க வேண்டும். அங்கர் அந்த நம்பிக்கையை ஜின் ரம்மியிலிருந்து துடைத்தெறிந்துவிட்டார். ஆட்டம் செத்துவிட்டது. அதிர்ஷ்டம் இன்னும் மிகுதியாகக் கலந்திருந்த வேறோர் ஆட்டத்துக்கு அவர் போக வேண்டியதாயிற்று. அவர் போக்கருக்கு வந்த காரணம் இதுவே.

நியூயார்க்கில் அவர் நீடிக்க முடியாமற்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சீட்டில் வென்றதைக் குதிரைப் பந்தயத்தில் தோற்று, கொடுக்க முடியாத கடனில் விழுந்தார். முதலில் மியாமிக்கும் பின்னர் 1970களின் பிற்பகுதியில் லாஸ் வேகாஸுக்கும் சென்றார்.

லாஸ் வேகாஸில் பினியன் குடும்பத்தின் ஹார்ஸ்ஷூ என்னும் சூதாட்ட விடுதி 1970 முதல் உலகப் போக்கர் தொடரை நடத்திவந்தது. அதன் முதன்மைப் போட்டிக்கு நுழைவுத் தொகை 10,000 டாலர். டெக்சஸ் ஹோல்டெம் என்னும் முறை. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். நடுவில் ஐந்து சீட்டுகள், முதலில் மூன்று, பின் ஒன்று, பின் ஒன்று என எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை உயர்த்தலாம். கையில் உள்ள அனைத்தையும் ஒரே தடவையில் நடுவில் தள்ளலாம். கை மோசமாக இருந்தும் துணிந்து உயர்த்தி எதிராளியைப் பின்வாங்க வைக்கலாம். கணக்குத் தெரிந்தவனுக்கும் முகம் படிப்பவனுக்கும் இதில் வேலை உண்டு என்பதை எவரும் மறுக்க இயலாது.

1980இல் அப்போட்டியில் சேர்ந்தவர்கள் 73 பேர். இறுதியில் மிஞ்சிய இருவர், ஏற்கெனவே இருமுறை பட்டம் வென்ற டெக்சஸ்காரர் டாய்ல் பிரன்சனும், ஹோல்டெம் முறைக்கே புதியவரான அங்கரும். வயது 26. அதைவிடவும் சிறுவனாகத் தோற்றமளித்ததால் "பையன்" என்றே அவரை அழைத்தார்கள். போட்டி நடக்க நடக்கவே கற்றுக்கொண்டு மேம்படும் ஓர் ஆட்டக்காரரை அதுவரை தாம் கண்டதில்லை என்று பிரன்சன் பின்னாளில் வியந்தார்.

பட்டத்தைத் தீர்மானித்த கையைச் சற்று விளக்கமாகவே சொல்வோம். பிரன்சனிடம் ஏஸும் ஏழும். நடுவில் திறந்த மூன்று சீட்டுகள் ஏஸ், ஏழு, இரண்டு. ஆகவே அவருக்கு இரண்டு இணைகள் அமைந்துவிட்டன. அங்கரிடம் இருந்தவை ஐந்தும் நான்கும். அவருக்கு ஒன்றும் அமையவில்லை. அடுத்து மூன்று என்ற சீட்டு விழுந்தால் மட்டும் ஏஸ் முதல் ஐந்து வரை வரிசை கூடும். காணாத 45 சீட்டுகளில் அத்தகைய சீட்டு நான்கு. பிரன்சன் பந்தயம் கட்டினார், அங்கர் பின்வாங்கவில்லை. அடுத்த சீட்டு, மூன்று. பிரன்சனின் சில்லுகள் அனைத்தும் அங்கரிடம் வந்து சேர்ந்தன. பின்வாங்காமல் நின்றதில் கணக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொள்வோம்: அந்தச் சீட்டு விழுந்துவிட்டால் எதிராளியின் முழுச் சொத்தும் வருமென்று அவருக்குத் தெரியும். ஆனால் விழுந்த சீட்டுக்கும் அந்தக் கணக்குக்கும் எந்த உறவும் இல்லை.

பரிசு 365,000 டாலர். அதைப் பெற்றுக்கொள்ளக் கையெழுத்திட வேண்டியிருந்தபோதுதான், வருமான வரிக்கும் அரசுப் பதிவுகளுக்கும் அடிப்படையான சமூகப் பாதுகாப்பு எண்ணே அவரிடம் இல்லை என்பது தெரியவந்ததாகச் சொல்வார்கள். மறு ஆண்டு 75 பேர் கலந்துகொண்ட போட்டியிலும் அவரே வென்றார். 375,000 டாலர் பெற்றார். அந்த ஆண்டு அவர் ஆடாமலே போயிருப்பார். சீட்டுப் பகிர்ந்தவரின் முகத்தில் உமிழ்ந்தார் என்பதற்காக மூத்த பினியன் அவரை வெளியேற்றியிருந்தார். நடப்பு வெற்றியாளர் இல்லாமல் போட்டி நடந்தால் பத்திரிகைகள் என்ன எழுதும் என்று மகன் எடுத்துச் சொன்ன பிறகே தடை நீங்கிற்று. எந்த மனிதரின் நடத்தையையும் பொறுத்துக்கொள்வதற்கு அந்த உலகில் ஒரு விலை இருந்தது.

அவருடைய நினைவாற்றலைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி மறக்கத் தக்கதன்று. 1977இல் பாப் ஸ்டூபக் என்னும் சூதாட்ட விடுதி உரிமையாளர் ஒரு பந்தயம் வைத்தார். ஆறு சீட்டுக்கட்டுகளைக் கலந்து, அவற்றில் பாதியைக் காட்டிவிட்டால், எஞ்சியுள்ள 156 சீட்டுகளை அங்கர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் 100,000 டாலர். அங்கர் சொல்லி வென்றார். இப்படிப்பட்ட மூளையோடு பிளாக்ஜாக் மேசையில் அமர்ந்தால் விடுதிக்கே இழப்பு என்பதால் அந்த மேசைகள் அவருக்கு மூடப்பட்டன. இறைவன் ஒருவருக்கு வழங்கிய நினைவாற்றலை எண்ணிப் பாருங்கள். நம் சமுதாயத்தில் ஹாஃபிழ்கள் உண்டு. நினைவு என்பது என்ன கொடை என்பதை நாம் அறிவோம். அக்கொடையை இவர் வாழ்ந்த உலகம் அளந்து பார்த்த அளவுகோல், மேசையில் எத்தனை டாலர் என்பது ஒன்றே.

வென்ற பணம் எங்கே போயிற்று? அவர் வாழ்நாளில் வென்ற தொகை முப்பது மில்லியன் டாலர் இருக்கும் என மதிப்பிடுவோர் உண்டு. சீட்டில் அவர் தோற்பது அரிது. ஆனால் குதிரைப் பந்தயம், தாயம், கால்பந்தாட்டப் பந்தயம் என்று அவருக்கு எந்தத் திறமையும் உதவாத இடங்களுக்கெல்லாம் அதைக் கொண்டுபோய்க் கொட்டினார். முதல்முறையாகக் கோல்ஃப் மட்டையைப் பிடித்த அன்றே, பயிற்சித் திடலைவிட்டு நகராமல் 80,000 டாலர் தோற்றார் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. இதைக் கேட்பவர், அவர் சீட்டோடு நிறுத்தியிருக்கலாமே என்பார். அந்த நிறுத்தம்தான் அங்கே இல்லை. பந்தயத்தில் ஆயிரம் டாலரைத் தள்ளும்போது கை நடுங்காமல் இருக்க, ஆட்டக்காரன் முதலில் பணத்தின் மதிப்பை மறக்கப் பழக வேண்டும். மேசையில் அவரை வெல்ல வைத்த பழக்கம் அதுவே. மேசையை விட்டு எழுந்ததும் அப்பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் எண்ணிப் பார்க்கும் மனிதராக மாற அவரால் இயலவில்லை. அது எல்லாராலும் இயலும் என்று நமக்குத் தோன்றவில்லை.

ஆயினும் அவர் கருமியல்லர். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார், தெருவில் நின்றவர்க்கும் கொடுத்தார் என்று அவரோடு ஆடியவர்கள் நெகிழ்ந்து சொல்கிறார்கள். இந்தத் தாராளம் நமக்கு ஒரு பழைய வரலாற்றை நினைவூட்டுகிறது. அதற்காகச் சற்று அரபு நாட்டுக்குச் சென்று வருவோம்.

திருக்குர்ஆன் விலக்கிய "மைசிர்" என்பது, அறியாமைக் கால அரபிகளிடையே அம்புகளைக் கொண்டு ஆடிய ஓர் ஆட்டம். ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிடுவார்கள். இறகில்லாத பத்து அம்புகள் ஒரு பையில் இருக்கும். அவற்றுள் ஏழுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. ஏழு பங்கு உடைய அம்புக்கு "முஅல்லா" என்று பெயர். மூன்று அம்புகள் வெற்று. வென்றவர்கள் பங்கைப் பெறுவார்கள். தோற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுப்பார்கள். வென்ற இறைச்சியை வென்றவர் உண்பது இழிவு. குளிர்காலப் பஞ்சத்தில் வாடும் ஏழைகளுக்கு அதைப் பகிர்ந்து கொடுப்பார்கள். கவிஞர்கள் அதைப் பெருமையாகப் பாடினார்கள். அந்த ஆட்டத்தில் சேராதவனுக்குத்தான் கஞ்சன் என்ற பட்டம். அதாவது, நாம் இன்று எண்ணுவதுபோல் மைசிர் ஓர் இருட்டறைக் குற்றமாக இல்லை. அது ஊரறிந்த கொடைவிழா.

அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் முதலில் இதைப் பற்றிப் பேசுகையில், அதில் மனிதர்க்குச் சில பயன்கள் உண்டென்பதை மறுக்கவில்லை. பயனைவிடத் தீமை பெரிது என்கிறது. பின்னர் அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களில் முழுத் தடை வந்தபோதும், அங்கே சொல்லப்பட்ட காரணங்கள் மனிதரிடையே மூளும் பகையும், இறைநினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுக்கப்படுவதும் ஆகும். அந்த ஆட்டத்தில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று அங்கே நிறுத்துப் பார்க்கப்படவில்லை. வா, சூதாடுவோம் என்று தோழனை அழைத்தவன் அந்த அழைப்புக்காகவே தர்மம் செய்யட்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. சூதிலிருந்து தர்மம் செய்தது அக்காலத்து வழக்கம். சூதுக்கு அழைத்ததற்காகத் தர்மம் செய் என்று அது திருப்பிவிடப்பட்டது. அங்கரின் தாராளத்தை நினைக்கும்போது நமக்கு இந்தத் திருப்பம் கண்முன் நிற்கிறது. தெருவில் நின்றவர் கையில் அவர் வைத்த நோட்டு, சற்றுமுன் யாரோ ஒருவர் தம் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்க வேண்டிய நோட்டு.

இனி அவருடைய வாழ்வுக்குத் திரும்புவோம். 1979இல் தாய் இறந்தார். அந்தக் காலத்தில், இரவும் பகலும் கண்விழித்து ஆட உதவும் என்று உடனாடியவர்கள் சொல்லக் கேட்டு, கொக்கெய்ன் என்னும் போதைப்பொருளைத் தொட்டார். அது பின்னர் அவரை விடவே இல்லை. 1982இல் மணம், ஒரு மகள் பிறந்தாள். மனைவியின் முந்தைய மணத்தில் பிறந்த மகனையும் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார். 1986இல் மணமுறிவு. சில ஆண்டுகளில் அந்த மகன் பதின்ம வயதிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டான். இதன் காரணங்களை ஆராய்வது நம் வேலையன்று. தந்தையின் உள்ளம் அதற்குப் பின் நிமிரவில்லை என்று மட்டும் அறிகிறோம்.

1990இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி. இரண்டு நாள் ஆட்டத்தில் அங்கர் சில்லுகளில் வெகுவாக முன்னேறியிருந்தார். மூன்றாம் நாள் அவருடைய இருக்கை காலியாக இருந்தது. விடுதி அறையின் தரையில் நினைவின்றிக் கிடந்தவரைக் கண்டெடுத்தார்கள். மேசையில் ஆளில்லாமலே, ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயப் பந்தயம் அவருடைய குவியலிலிருந்து எடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. குவியல் அவ்வளவு பெரிதாக இருந்ததால், ஆடாமலே ஒன்பதாம் இடம் பெற்றார். மனிதர் தரையில் கிடக்க, அவருடைய சில்லுகள் மட்டும் ஆடி முடித்த அந்தக் காட்சியைவிட அவருடைய தொழிலை விளக்கும் வேறொன்றை நாம் காணவில்லை.

1997. வயது 43. கடன் கழுத்தளவு. நுழைவுத் தொகை 10,000 டாலர் அவரிடம் இல்லை. பதிவு முடியச் சில நிமிடங்களே இருந்தபோது பில்லி பாக்ஸ்டர் என்னும் நண்பர் கட்டினார். பரிசு கிடைத்தால் பாதி அவருக்கு. முதலீடு போட்டு ஆளை ஆடவிடும் இந்த வழக்கம் அங்கே பரவலானது. கொக்கெய்னால் மூக்கின் துவாரம் ஒன்று சிதைந்துபோயிருந்ததை மறைக்க, வட்டமான நீலக் கண்ணாடி அணிந்து வந்தார். முதல் நாள் மேசையிலேயே உறங்கி வழிந்தார். பின்னர் எப்படியோ விழித்துக்கொண்டார். சட்டைப்பையில் மகளின் புகைப்படம். நான்கு நாட்கள், 312 ஆட்டக்காரர்கள். ஃபிரீமண்ட் தெருவில் வெயிலில் மேசை போட்டு நடந்த இறுதிச் சுற்றில் எவராலும் அவரை அசைக்க முடியவில்லை.

கடைசிக் கை மட்டும் மீண்டும் வேறு கதை சொல்கிறது. எதிரே ஜான் ஸ்ட்ரெம்ப். அவரிடம் ஏஸும் எட்டும். அங்கரிடம் ஏஸும் நான்கும். எல்லாச் சில்லுகளும் நடுவில். ஏஸ், ஐந்து, மூன்று, மீண்டும் மூன்று எனத் திறந்தன. இருவருக்கும் அதே இணைகள். துணைச்சீட்டு பெரிதாக இருந்ததால் ஸ்ட்ரெம்பே முன்னிலையில் இருந்தார். மிஞ்சிய 44 சீட்டுகளில் ஏழு மட்டுமே அங்கருக்கு வெற்றி தரும். கடைசிச் சீட்டு, இரண்டு. மீண்டும் ஏஸ் முதல் ஐந்து வரை வரிசை. 1980இல் அவருக்குப் பட்டம் கொடுத்த அதே வரிசை. சில்லுகளில் பெரிதும் முன்னிலையில் இருந்ததால் இக்கையில் தோற்றிருந்தாலும் அவர் பிறகு வென்றிருப்பார் என்பார்கள். இருக்கலாம். நான்கு நாள் உழைப்பு திறமையே என்று வைத்துக்கொண்டாலும், அதன் முடிவு எந்தக் கையில் இருந்தது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

பரிசு ஒரு மில்லியன் டாலர். பாதி பாக்ஸ்டருக்கு. வெற்றிக்குப் பின் மகளின் படத்தை உயர்த்திக் காட்டினார். மீதிப் பாதி சில மாதங்களில் பந்தயங்களிலும் போதையிலும் கரைந்துபோயிற்று.

1998இல் பட்டத்தைக் காக்க மீண்டும் பாக்ஸ்டரே நுழைவுத் தொகை கொடுக்க முன்வந்தார். ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருக்கையில், தம்மால் இயலாது என்று சொல்லி அங்கர் அறையிலேயே தங்கிவிட்டார். அந்த நிலையில் கூட்டத்தின்முன் தோன்றுவதைவிட, வராமல் இருப்பதே குறைந்த அவமானம் என்று கருதினாராம். அவ்வாண்டு நவம்பரில், இருபது ஆண்டுகளுக்கு முன் 156 சீட்டுகளுக்குப் பந்தயம் வைத்த அதே ஸ்டூபக், அவருக்கு முதலீடு கொடுத்து ஆடவிட ஓர் ஒப்பந்தம் செய்து சிறிது முன்பணமும் கொடுத்தார்.

நவம்பர் 22 அன்று, லாஸ் வேகாஸின் மலிவான தங்கும் விடுதி ஒன்றின் அறையில் அங்கர் இறந்து கிடந்தார். வயது 45. உடலில் போதைப்பொருளின் சுவடுகள் இருந்தன. ஆனால் அவை உயிரைப் பறிக்கும் அளவினதல்ல. பல்லாண்டுப் பழக்கத்தால் பழுதான இதயமே காரணம் என்றார்கள் மருத்துவர்கள். அவரிடம் இருந்தது ஏறத்தாழ 800 டாலர். வேறு சொத்து எதுவும் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 2001இல், போக்கர் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

அவருடைய வயதுச் சாதனையும் நெடுநாள் நிற்கவில்லை. 1989இல் 24 வயது இளைஞர் முதன்மைப் பட்டம் வென்றார். 2008இல் 22; 2009இல் 21. நெவாடா மாநிலச் சட்டப்படி 21 வயது நிறையாதவர் சூதாட்ட மேசையில் அமர முடியாது என்பதால், அதற்குக் கீழே இறங்க வழியில்லை. இணையத்தில் பல்லாயிரம் கைகள் ஆடிப் பழகிவிட்டு வரும் தலைமுறை அது. அவர்களுள் எவராவது அங்கரைவிடத் திறமை மிக்கவரா என்று போக்கர் உலகத்தார் இன்றும் விவாதிக்கிறார்கள். அங்கர் தாமே சொல்லி வந்ததாக அறிவது: போக்கரில் தம்மை விஞ்ச ஒருவர் என்றேனும் வரக்கூடும், ஜின் ரம்மியில் வரவே முடியாது என்பதாம். அந்த ஜின் ரம்மியைத்தான் ஆட ஆளில்லாமல் இளம் வயதிலேயே அவர் விட்டுவிட்டு வந்திருந்தார்.

அவருடைய அடக்கத்துக்கு மேசைகளில் அவரோடு ஆடியவர்களும், அவரிடம் தோற்றவர்களும் வந்திருந்தார்கள். செலவுக்குப் பணம் இல்லாததால் ஸ்டூபக் அவர்களிடையே நன்கொடை திரட்டினார்.